பழைய காரும் மாற்று என்ஜினும்

கன்னியாகுமரி மாவட்டம் கடியப்பட்டணம் கடற்கரையில் ஒரு ஃபைபர் வள்ளத்தின் மோட்டாரை மாற்றுவது பெரிய காரியமல்ல. பின்பலகையில் திருகுப் பிடிகளால் மாட்டப்பட்டிருக்கும் வெளிப்பொருத்து மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து கரைக்குக் கொண்டுவந்து, அதே இடத்தில் வேறொன்றை மாட்டிவிடலாம். என்ஜின், பல்சக்கரங்கள், தண்ணீரைத் தள்ளும் சுழலி மூன்றும் ஒரே உடலாக இருப்பதால், வள்ளத்துக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு அந்தப் பலகையோடு முடிந்துவிடுகிறது. பலகை தாங்கும் எடை, வள்ளத்துக்கு ஏற்ற குதிரைத் திறன், தண்டின் நீளம் ஆகியவற்றைக் கவனித்தால் போதும்.

இந்த எளிமையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, வாசலில் நிற்கும் பழைய காரிலும் இதையே செய்யலாம் என்று தோன்றுவது இயல்பே. மீன் வணிகர் ஒருவர் அன்றாடம் ஓட்டும் காரோ, வளைகுடாவில் வேலை பார்ப்பவர் குடும்பத்துக்கென வாங்கிவிட்டுச் சென்ற காரோ இரண்டு, மூன்று லட்சம் கிலோமீட்டரைக் கடந்திருக்கும். புகை வரத் தொடங்கியிருக்கும். ஏற்றத்தில் இழுவை குறைந்திருக்கும். "இதற்குச் செலவழிப்பதைவிட, உடைத்த வண்டி ஒன்றின் டீசல் என்ஜினைப் போட்டுவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். வேறோர் என்ஜினை வேறொரு காருக்குள் ஏற்றும் காணொளிகளும் கைப்பேசியில் ஏராளம். அரைமணி நேரக் காணொளியில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது.

இந்த யோசனை நம்மிடையே செல்வாக்குப் பெற்றதற்கு அம்பாசடரும் ஜீப்பும் ஒரு காரணம். அவ்வண்டிகளில் என்ஜின் முன்புறத்தில் நீளவாட்டில் அமர்ந்திருக்கும். அதன் பின்னால் கியர்பெட்டி, அதிலிருந்து வண்டியின் அடியில் ஓடும் நீண்ட தண்டு, கடைசியில் பின்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் என ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியாக இருந்தது. என்ஜினைச் சுற்றிக் கை நுழைய இடமும் தாராளம். என்ஜினும் கியர்பெட்டியும் மாறினால், தண்டை வெட்டி நீளத்தைச் சரிசெய்து, தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைத்துவிடலாம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1990-களில் அதே அம்பாசடர் உடலுக்குள் ஜப்பானிய இசுஸு என்ஜினை வைத்து விற்றது. பெட்ரோல் அம்பாசடரை டீசலாக மாற்றிய பட்டறைகள் அந்தக் காலத்தில் அரிதல்ல. அந்த அனுபவம் கைமாறி வந்து, கார் என்றாலே என்ஜினை மாற்றலாம் என்ற பொதுநம்பிக்கையாக நிலைத்துவிட்டது.

ஆனால், இன்று நம் தெருக்களில் ஓடும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றின் உட்கட்டமைப்பு அம்பாசடரின் வழிவந்தது அல்ல. 1956 சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு நேர்ந்தபோது, சிறிய உடலில் நான்கு பேர் உட்காரும் கார் ஒன்றைப் பிரிட்டனில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தார். 1959-இல் வெளிவந்த 'மினி' அதுதான். அவர் என்ஜினைக் குறுக்குவாட்டில் கிடத்தி, கியர்பெட்டியை அதன் அடியிலேயே வைத்தார். இத்தாலியில் டான்டே ஜியாகோசா 1964-இல் 'ஆட்டோபியாங்கி பிரிமுலா' காரில் இதை மேலும் திருத்தினார். கியர்பெட்டி என்ஜினுக்குப் பக்கவாட்டில் வந்தது. சக்கரங்களுக்குச் செல்லும் இரண்டு தண்டுகளில் ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் அமைந்தன. 1969-இல் ஃபியட் 128 இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கியது. உலகின் சிறிய கார்கள் பெரும்பாலும் இன்றும் ஜியாகோசாவின் வழியில்தான் செய்யப்படுகின்றன.

இந்தியாவுக்கு இந்தக் கட்டமைப்பைப் பெருவாரியாகக் கொண்டுவந்தது 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. இதில் ஆழ்ந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாருதி 800-க்கும் மாருதி ஆம்னிக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, 796 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் என்ஜின்தான். ஆனால், 800-இல் அது முன்னால் குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றியது. ஆம்னியில் முன்னிருக்கைகளுக்கு அடியில் நீளவாட்டில் அமர்ந்து பின்சக்கரங்களைச் சுழற்றியது. என்ஜினின் அடிப்படை ஒன்றே; அதைச் சூழ்ந்திருந்த கியர்பெட்டி, தாங்கிகள், குழாய்கள், இணைப்புகள் வேறு. 'ஒரே என்ஜின்தானே' என்ற சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது, எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

முன்சக்கர இயக்கக் காரில் என்ஜின், கிளட்ச், கியர்பெட்டி, டிஃபரென்ஷியல் எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, முன்பக்கத்து இரண்டு நீள்சட்டங்களுக்கு நடுவே திணிக்கப்பட்டிருக்கின்றன. எனவே, என்ஜினின் நீளம் வண்டியின் அகலத்தோடு மோதுகிறது. ஒரு சிலிண்டர் கூடினால் என்ஜின் ஏறக்குறைய 8, 9 சென்டிமீட்டர் நீளும். மூன்று சிலிண்டருக்கென அளந்த இடத்தில் நான்கு சிலிண்டரை வைக்க முயன்றால் ஒருபுறம் சட்டத்தில் இடிக்கும்; அல்லது கியர்பெட்டி மறுபுறம் தள்ளப்பட்டு, சக்கரத் தண்டு சாய்ந்த கோணத்தில் சுழலும். அத்தண்டின் இருமுனைகளிலும் உள்ள மூட்டுகள் குறிப்பிட்ட கோணத்துக்குள் வேலை செய்யவே வடிவமைக்கப்பட்டவை. கோணம் மிகுந்தால் சில மாதங்களில் அவை தேய்ந்து, திருப்பத்தில் கடகடவென ஓசை எழுப்பும்.

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், கணக்கு அங்கே முடிவதில்லை. என்ஜினும் கியர்பெட்டியும் சேரும் முகப்பில் உள்ள துளைகள் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துவராது. ஒத்துவராதபோது இடையே ஒரு தகடு கடைந்து வைப்பார்கள். அத்தகட்டின் மையம் மயிரிழை விலகினாலும் கியர்பெட்டியின் உள்தண்டும் தாங்கு உருளைகளும் அந்தப் பிழையை ஒவ்வொரு சுற்றிலும் சுமக்க வேண்டியிருக்கும். கியர் விகிதம் இன்னொரு சிக்கல். பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள்வரை ஓடக்கூடியது. டீசல் என்ஜின் 4,500-க்குள் மூச்சு வாங்கிவிடும். பெட்ரோல் காரின் கியர்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு டீசலை மாட்டினால், கியர்கள் சட்டுச் சட்டென்று தீர்ந்துபோகும். நான்குவழிச் சாலையில் என்ஜின் அலறிக்கொண்டே இருக்கும். டீசலின் கூடுதல் முறுக்குவிசையைத் தாங்கும் வலுவும் அந்தக் கியர்பெட்டிக்கு இருக்காது. முன்சக்கரங்களே வண்டியை இழுக்கவும் திருப்பவும் செய்வதால், மிகையான முறுக்குவிசை நீளம் சமமற்ற தண்டுகள் வழியே பாயும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். ஓட்டுநர் அதை முதன்முதலில் உணர்வது, முந்திச் செல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தும் அந்த நொடியில்தான்.

பட்டறைகளில் பலரும் கவனிக்கத் தவறுவது பிரேக். பெட்ரோல் காரில் பிரேக் மிதிக்கு உதவும் வெற்றிடம் என்ஜினின் உறிஞ்சு குழாயிலிருந்து கிடைக்கிறது. டீசல் என்ஜினில் அப்படிப் போதிய வெற்றிடம் உண்டாவதில்லை. அதற்கெனத் தனிப் பம்ப் வேண்டும். அந்தப் பம்பும் குழாயும் சரியாக இணைக்கப்படாவிட்டால், பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். அதோடு, டீசல் என்ஜின் கனமானது. கூடும் எடை முழுவதும் முன் அச்சின்மேல் விழுகிறது. அந்த எடைக்கென ஸ்பிரிங்குகளோ பிரேக் தட்டுகளோ செய்யப்படவில்லை. மோதலின்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள முன்பகுதியில் விடப்பட்டிருந்த வெற்றிடத்தைப் பெரிய என்ஜின் நிரப்பிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் செய்யவே முடியாது என்பதல்ல. 993 சிசி பெட்ரோல் என்ஜினோடு 1993-இல் வந்த மாருதி ஜென் காரில், 1990-களின் பிற்பகுதியில் அந்நிறுவனமே பிரெஞ்சு பெஜோவின் 1,527 சிசி டீசல் என்ஜினை வைத்து விற்றது. முன்சக்கர இயக்கக் காருக்குள் முற்றிலும் வேறான என்ஜினை ஏற்றியதற்கு நம் நாட்டில் நாம் கண்ணால் கண்ட சான்று அது. ஆனால், அதைச் செய்தது வரைபடங்களும் சோதனைத் தடங்களும் பொறியாளர் படையும் கொண்ட ஒரு தொழிற்சாலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரசின் வகை ஒப்புதல் பெற்றாக வேண்டிய தொழிற்சாலை. ஒரே ஒரு வண்டிக்காக ஒரு பட்டறை அந்த உழைப்பைச் செய்தால், கூலிக் கணக்கு காரின் விலையைத் தாண்டிவிடும். கூலிக்குக் கட்டுப்படும்படி செய்தால், ஏதோ ஒன்று செய்யப்படாமல் விடுபட்டிருக்கும்.

கடந்த 20 ஆண்டுகளில் இன்னொரு தடை சேர்ந்துகொண்டது: மின்னணுவியல். 'இந்தியாவின் தேசிய என்ஜின்' என்று வேடிக்கையாக அழைக்கப்பட்ட ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசல், மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ, லினியா என எத்தனையோ கார்களில் இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததோடு அது இந்தியாவில் விடைபெற்றது. உடைந்த விஸ்டாவின் மல்டிஜெட்டை ஸ்விஃப்டில் போடலாமே என்ற யோசனை நியாயமாகவே தெரியும். இரும்பு ஒத்துப்போகலாம். ஆனால், என்ஜினை ஆளும் கணினி, திருட்டைத் தடுக்கச் சாவியோடு பேசும் கருவி, மீட்டர், ஏபிஎஸ், நூற்றுக்கணக்கான கம்பிகளைக் கொண்ட வயரிங் ஆகியவை அந்தந்த நிறுவனத்தின் மொழியில் பேசுகின்றன. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. எனவே, கழற்றிய என்ஜினின் மேலுறுப்புகளையெல்லாம் விட்டுவிட்டு, பழைய என்ஜினின் உணரிகளையும் வயரிங்கையும் அதன்மேல் மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கும். சில கார்களில் அது முடியும். பல கார்களில் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்.

கடலோரத்துக்கே உரிய ஒரு கேள்வி, என்ஜினைப் பற்றிய பேச்சுக்கே முன்னால் எழ வேண்டும். உப்புக்காற்று கார்களின் அடித்தகட்டையும், முன் சஸ்பென்ஷன் தாங்கி நிற்கும் கிண்ணங்களையும், நீள்சட்டங்களின் உட்புறத்தையும் சத்தமின்றித் தின்கிறது. மேலே வண்ணம் பளபளக்கும். உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். என்ஜின் தாங்கிகள் பற்றிக்கொள்வது அந்தச் சட்டங்களைத்தான். புதிய தாங்கியைப் பற்றவைக்க நல்ல இரும்பே இல்லாத காரில் எவ்வளவு சிறந்த என்ஜினை வைத்தாலும் பயனில்லை. கடியப்பட்டணம், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற ஊர்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நின்ற காருக்கு, மெக்கானிக்கிடம் போவதற்குமுன் ஒருமுறை அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்வதே சரியான வரிசை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு பதிவுச் சான்றின் விவரங்கள் முரண்படும் வகையில் எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில், 2019 ஜனவரி 9-இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் எனத் தண்டனை வகுத்துள்ளது. வேறு நிறுவனத்தின், வேறு கொள்ளளவுள்ள என்ஜினுக்கு இதன்கீழ் இடமில்லை. எரிவாயு, மின்கலம் போன்ற வேறு எரிபொருளுக்கு ஒப்புதல் பெற்ற மாற்றுக் கருவித் தொகுப்பைப் பொருத்துவதற்கு மட்டும் அதே பிரிவு நிபந்தனைகளோடு வழிவிடுகிறது.

அபராதம் சிறிய தொகையாகத் தோன்றலாம். உண்மையான இழப்பு விபத்து நாளில் தெரியவரும். பதிவுச் சான்றிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் உள்ள என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால், சொந்த வண்டிக்கான இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. எதிரே வந்தவர் காயமடைந்தாலோ இறந்தாலோ, அந்த இழப்பீட்டை நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றம் உத்தரவிடவும் கூடும். ஒரு பழைய காரைக் காப்பாற்றப் போய் வீட்டை விற்கும் நிலை வரலாம். எண் பொருந்தாத என்ஜின், காவல்துறையின் பார்வையில் திருட்டுப் பொருளாகவும் தோன்றக்கூடும் என்பது தனி.

அப்படியானால் களைத்துப்போன காருக்கு வழி என்ன? முதலில், நோய் என்ஜினில்தானா என்று பார்க்க வேண்டும். இழுவை குறைவதற்குத் தேய்ந்த கிளட்ச், அடைபட்ட இன்ஜெக்டர், கசியும் டர்போ குழாய் என எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கும் சோதனை ஒருமணி நேர வேலை. லட்சக்கணக்கான ரூபாய் முடிவுகள் அதைச் செய்யாமலேயே எடுக்கப்படுகின்றன. நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை தொடர்ந்து வந்து ரேடியேட்டர் நீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அமுக்கம் உண்மையிலேயே விழுந்திருந்தால், சிலிண்டர்களைக் கடைந்து அளவு கூடிய பிஸ்டன்களும் புதிய ரிங்குகளும் போட்டு, கிராங்க் தண்டைத் தேய்த்து, ஹெட்டைச் சமப்படுத்தினால் அதே என்ஜின் இன்னொரு வாழ்நாளைப் பெறும். எல்லா நவீன என்ஜின்களும் ரீபோருக்கு இடம் தருவதில்லை என்பதால், இதை நிறுவனத்தின் பழுதுநீக்கக் கையேட்டைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இதை நன்றாகச் செய்யும் லேத் பட்டறைக் கைகள் இன்றும் இருக்கின்றன. என்ஜின் எண்ணும் மாறாது.

பிளாக்கே வெடித்துப்போன என்ஜினாக இருந்தால், அதே நிறுவனத்தின் அதே வகை என்ஜினை வாங்கிப் போடுவது அடுத்த வழி. தொழில்நுட்பம் போடும் கோடும் சட்டம் போடும் கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சேர்வது வியப்புக்குரியது. அதே வகை என்ஜினில் தாங்கியும் தண்டும் கணினியும் அப்படியே பொருந்துகின்றன; உற்பத்தியாளரின் விவரமும் முரண்படுவதில்லை. ஆனால், இந்த நேர்மையான வழியில்தான் நடைமுறைச் சிக்கல்கள் அதிகம். புதிய எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். அதற்கு என்ஜின் வாங்கிய ரசீது வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை தொடங்கிச் சிறு நகரங்களின் பழைய இரும்புக் கடைகள்வரை விற்கப்படும் என்ஜின்களில் எத்தனைக்கு ஒழுங்கான ரசீது கிடைக்கிறது? ரசீது இல்லாதவர் அலுவலகப் பக்கமே போவதில்லை. எண் பொருந்தாமலேயே வண்டி ஓடுகிறது. சட்டத்தை மீறும் எண்ணமே இல்லாதவரையும் மீறச் செய்கிற ஏற்பாடு இது.

வேறு நாடுகள் இதைக் கையாளும் விதம் கவனிக்கத்தக்கது. புகைக் கட்டுப்பாட்டில் மிகக் கண்டிப்பான அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், என்ஜின் மாற்றத்தை அறவே தடுக்கவில்லை. வைக்கப்படும் என்ஜின் காரின் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக்கூடாது. அந்த என்ஜினுக்குரிய புகைக்கட்டுப்பாட்டு உறுப்புகள் அனைத்தும் கூடவே வர வேண்டும். நியமிக்கப்பட்ட ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டிச் சான்று பெற வேண்டும். பிரிட்டனில் என்ஜின் மாறினால் எண்ணையும் கொள்ளளவையும் சான்றுகளோடு தெரிவித்து ஆவணத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். வேறு வகை என்ஜின்களுக்கும் நாம் உடனே கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நம் பட்டறைகளின் வேலையைச் சோதிக்கும் ஏற்பாடு இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. ஆனால், அதே வகை என்ஜினை மாற்றுவோருக்காவது எளிய இணையவழிப் பதிவும், ஒரே நாளில் முடியும் ஆய்வும் இருக்க வேண்டும். 2021-இல் அறிவிக்கப்பட்ட வாகன அழிப்புக் கொள்கையின்கீழ் பதிவுபெற்ற மையங்களில் வண்டிகள் உடைக்கப்படுகின்றன. அங்கிருந்து வெளிவரும் நல்ல என்ஜின் ஒவ்வொன்றும் எண்ணோடும் ரசீதோடும் விற்கப்பட்டால், புதுப்பேட்டைக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

செலவுக் கணக்கில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 15 ஆண்டு முடிந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது. அந்த மறுபதிவு ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். தமிழகத்தில் பசுமை வரியும் உண்டு. பதிநான்காம் ஆண்டில் என்ஜினுக்குப் பெருந்தொகை செலவிடுபவர், அடுத்த ஆண்டு தகுதி ஆய்வில் துருப்பிடித்த உடல் தேறுமா என்பதை இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

வேறு வகை ஆற்றலுக்கே மாற விரும்புவோருக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவு மின்மோட்டார். பழைய காரின் என்ஜினை எடுத்துவிட்டு மின்மோட்டாரையும் மின்கலத்தையும் வைக்கும் தொகுப்புகளுக்கு 'ஏஐஎஸ்-123' என்ற தரவிதி இருக்கிறது. ஒவ்வொரு கார் மாதிரிக்கும் தனித்தனியாக அத்தொகுப்பு சோதிக்கப்பட வேண்டும். புணேயின் ஏஆர்ஏஐ போன்ற நிறுவனங்கள் அச்சோதனையைச் செய்கின்றன. தொகுப்பின் விலை பழைய காரின் சந்தை மதிப்பைவிட இன்னும் அதிகமாகவே இருக்கிறது. இன்றைக்கு அதை வாங்க நினைப்பவர் விற்பவரிடம் கேட்க வேண்டியது, தன் கார் மாதிரியின் பெயரும் ஆண்டும் குறிப்பிடப்பட்ட ஒப்புதல் சான்றின் நகலைத்தான். 'எந்தக் காருக்கும் பொருந்தும்' என்று சொல்லப்படும் தொகுப்பை, பதிவுச் சான்றில் ஏற்ற முடியாது.